அங்கிட்டுப் போனால் கொதிக்கும், இங்கிட்டு வந்தால் குளிரும்

எங்கள் காருக்கு ஒரு விசித்திரமான நோய் இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பக்கம் போகும்போது இன்ஜின் கொதிக்கும். அதே ரோட்டில் திரும்பி வரும்போது ஒன்றுமே ஆகாது. கடையில் சொன்னால் சிரித்தார்கள். "அங்க போய் பாவத்தைக் கரைச்சிட்டு வருதுல்ல, திரும்புறப்ப பாரம் கொறைஞ்சிருக்கும்" என்றார் முதலாளி. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். போகும்போது மட்டும் ஏன் என்று அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் இரண்டு மாத அலைச்சலும் ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

நான் கணக்கு எழுதுகிறவன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் கிடையாது. வண்டி பன்னிரண்டு வருடப் பழசு, சின்ன பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மண்டபத்தில் கடலோரமாக வீடு வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினேன். கிலோமீட்டர் குறைவு, சீட் கிழியவில்லை, இன்ஜின் சத்தம் சுத்தம் என்று மூன்றையும் பார்த்தேன். வண்டி எங்கே நின்றது, மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து வருடத்துக்கு மேல் முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டே நின்ற வண்டி அது.

மனைவியின் ஊர் தங்கச்சிமடம். வாரம் தவறினாலும் பத்து நாளுக்கு ஒரு முறை போய்விடுவோம். முதல் முறை கொதித்தது ஜூன் கடைசியில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன, நண்டு வாங்கலாம் என்று கிளம்பினோம். மதியம் பன்னிரண்டு மணி, ஏசி ஓடுகிறது, பின்சீட்டில் அரிசி மூட்டையும் பிள்ளைகளும். உச்சிப்புளி தாண்டிய கொஞ்ச தூரத்தில் பார்த்தேன், எப்போதும் பாதியில் நிற்கிற டெம்பரேச்சர் முள் முக்கால்வாசிக்குப் போயிருந்தது. ஏசியை அணைத்தேன். இறங்கவில்லை. மண்டபம் வருவதற்குள் சிவப்பைத் தொட்டு, பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பிவிட்டது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

அன்றைக்கு நான் செய்யப் போனது எல்லாமே தப்பு. பானெட்டைத் திறந்ததும் கை நேராக, இன்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரின் மூடிக்குத்தான் போனது. டீக்கடை அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். "தம்பி, தொடாதீங்க. போன மாசம் ஒரு வேன்காரர் தொறந்து மொகமெல்லாம் கொப்புளம்." துண்டைப் போட்டு மெதுவாகத் திருகலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் ஆபத்துதான் என்று பிறகு தெரிந்தது. அந்த மூடியின் மேல் 0.9 என்று அச்சடித்திருக்கும். உள்ளே 0.9 பார் அழுத்தம் தாங்கும் என்று அர்த்தம். அழுத்தம் இருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 வாக்கில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பதில் ஒரு பகுதி ஒரே மூச்சில் ஆவியாகி, கொதிநீரையும் சேர்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். அரை மணி, முக்கால் மணி சும்மா உட்கார வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, அமுக்கிப் பார்த்தால் தெரியும். கல் மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, தொளதொளவென்று அமுங்கினால் திறக்கலாம்.

இரண்டாவது தப்பு, பக்கத்து அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போனேன். "அது உப்புத் தண்ணி, எங்க வீட்டுல பாத்திரம் கழுவக்கூட எடுக்க மாட்டோம். இதுக்குள்ள ஊத்தினா என்னத்துக்கு ஆகும்?" என்று அதையும் அக்காதான் தடுத்தார். நம் கரையோரத்தில் இது சின்ன விஷயமில்லை. உவர் தண்ணீர் ரேடியேட்டரின் அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும், சூட்டில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி படியும். குடிக்கிற தண்ணீர்க் கேனிலிருந்து மூன்று லிட்டர் போல வாங்கி, இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றினேன். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விழும் அபாயம் உண்டு. ஆறட்டும் என்று இரண்டு டீ, ஒரு பருத்திப்பால் குடித்தோம். பிள்ளைகளுக்கு அது ஒரு சுற்றுலா.

சாயங்காலம் திரும்பி வந்தோம். முள் பாதியை விட்டு அசையவே இல்லை.

அடுத்த நாள் ஒர்க்‌ஷாப். எந்தக் கடை என்பது வேண்டாம். கெட்ட மனிதர்கள் இல்லை, அவசரக்காரர்கள், அவ்வளவுதான். "வண்டி ஹீட் ஏறுது" என்றேன். எப்போது, எங்கே, எந்த வேகத்தில் என்று ஒரு கேள்வி வரவில்லை. "தெர்மோஸ்டாட்டா இருக்கும், இந்த ஊர் வெக்கைக்கு அது எதுக்கு சார்" என்று கழற்றி எடுத்துவிட்டு, கூலன்ட் மாற்றி, மூடியும் மாற்றி அனுப்பினார்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற கதவு. இன்ஜின் 80, 85 டிகிரி வரும் வரை சாத்தியிருக்கும், பிறகு திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அதை எடுத்துவிட்டால் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும். கூடக் குடித்தது. அதோடு அடுத்த ஞாயிறு உச்சிப்புளி தாண்டியதும் முள் மறுபடி ஏறியது. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியும் அதே இடத்தில் கொதித்தால் அது தெர்மோஸ்டாட் நோய் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மறுபடி ஒர்க்‌ஷாப், இந்த முறை வாட்டர் பம்ப். கழற்றிய பழைய பம்ப்பை வாங்கிப் பார்த்தேன், விசிறி இதழெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் காசு கொடுத்தாகிவிட்டது.

மூன்றாவது முறை கொதித்த பிறகுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கணக்கு எழுதினேன். பெரியவனின் பழைய நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, தேதி, மணி, போகும் திசை, வேகம், ஏசி உண்டா இல்லையா, எத்தனை பேர், முள் எங்கே என்று ஒவ்வொரு பயணமும் எழுதினோம். ஓட்டும்போது எழுத முடியாது, மனைவி எழுதினாள். முள்ளுக்கு நாங்களே குறியீடு வைத்தோம். பாதி என்றால் 5, சிவப்பு என்றால் 9.

ஐந்து தடவை போய் வந்ததில் பக்கம் நிறைந்தது. போகும் வரிசையில் எல்லாம் 7, 8, ஒரு 9. வரும் வரிசையில் 5, 5, 5. உச்சி வெயிலில் போகிறோம், சாயங்காலம் வருகிறோம், வெயில்தான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஆனால் நான்காவது தடவை மனைவியின் பெரியம்மா தவறிப்போனதால் விடிகாலை ஐந்தரைக்கே கிளம்பினோம். வெயிலே இல்லை. முள் 7. காரியம் முடித்து மறுநாள் பகல் ஒரு மணிக்கு, தார் இளகுகிற வெயிலில், ஏசி போட்டுத் திரும்பினோம். முள் 5. நோட்டைப் பார்த்ததும் வெயில் கதை செத்துப்போனது. போகும்போது பாரம் அதிகமோ என்றால் அதுவும் இல்லை, அந்த முறை திரும்பும்போதுதான் இரண்டு பேர் கூட வந்தார்கள்.

இப்போது யார் வந்து "வண்டி சூடாகுது" என்றாலும் நான் முதலில் கேட்பது, நிற்கும்போதா, ஓடும்போதா? நெரிசலில், சிக்னலில் நிற்கும்போது சூடாகி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஃபியூஸ், ரிலே, சென்சார், மோட்டார் என்று வரிசையாக. நிற்கும்போது நன்றாக இருந்து, எண்பதில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், அரைகுறையாகத் திறக்கிற தெர்மோஸ்டாட், அல்லது உறிஞ்சலில் சுருங்கிப்போகிற கீழ் ஹோஸ். கிளம்பிய ஐந்தாவது நிமிடமே ஏறினால் தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிவிட்டது, அல்லது ஹெட்டுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பல வண்டிகளுக்கு இந்த ஒரு கேள்வியே பாதி வழி காட்டிவிடும். எங்கள் வண்டி இதில் எதிலும் அடங்கவில்லை. ராமநாதபுரம் டவுனுக்குள் ஊர்ந்தாலும் ஏறாது. மதுரை ரோட்டில் எண்பதில் போனாலும் ஏறாது. கிழக்கே போனால் மட்டும் ஏறும்.

என் மாமனார் நாட்டுப்படகுக்காரர். இப்போது கடலுக்குப் போவதில்லை, காலையில் எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைக் காட்டிப் புலம்பினேன். அவருக்கு எழுத்து முக்கியமில்லை, வாசித்துக் காட்டச் சொன்னார். போகும்போது 8, வரும்போது 5. கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தார். கிளைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றைத்தான் கச்சான் என்பார்கள்.

"மாப்ள, கச்சான் எப்படி அடிக்குது பாத்தீங்கல்ல."

"ஆமா மாமா."

"நீங்க இங்க வரும்போது அது முதுகுல அடிக்குது. திரும்பிப் போகும்போது மூஞ்சில அடிக்குது. நாங்க பின்காத்துல பாய் விரிச்சு ஓடினோம்னா, வள்ளத்துல உக்காந்திருக்கவனுக்குக் காத்தே தெரியாது. கடல் பூரா காத்தா இருக்கும், நமக்கு வேர்த்து ஊத்தும். எதிர்க்காத்துல தண்டு வலிச்சா சட்டை இல்லாம குளிரும். ஒங்க வண்டிக்கும் வேர்க்குது, அவ்வளவுதான்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் போகிற ரோடு கிட்டத்தட்ட நேர் கிழக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் பக்கம் அடிப்பது மேற்கு, தென்மேற்குக் காற்று. அறுபதில் போகிறேன், பின்னால் கச்சான் முப்பதில் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், ரேடியேட்டர் முகத்தில் படுகிற காற்று வெறும் முப்பது. அதே அறுபதில் திரும்பினால் படுவது தொண்ணூறு. மூன்று மடங்கு. டவுனில் ஊரும்போதும் காற்று குறைவுதான், ஆனால் அப்போது இன்ஜின் செய்கிற வேலையும் குறைவு, சூடும் குறைவு. பின்காற்றில் அறுபதில் போகும்போது இன்ஜின் அறுபதின் சூட்டைத் தருகிறது, காற்று மட்டும் ஊர்வலத்து வண்டிக்குக் கிடைக்கிற அளவு. பாம்பன் சாலைப் பாலம் இன்னும் மோசம். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு அதைப் பார்க்கவும் போட்டோ எடுக்கவும் வண்டிகள் ஓரம்கட்டுவதால், ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று. இதே ரோட்டில் இதே காற்றில் ஆயிரம் வண்டிகள் போகின்றன, அவை கொதிக்கவில்லை. கச்சான் நோயைக் கொடுக்கவில்லை, நோயைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் வண்டிக்குக் காற்று ஏற்கெனவே பத்தும் பத்தாமலும் இருந்திருக்கிறது. காற்று எங்கே குறைகிறது என்று தேடினால் போதும். தெர்மோஸ்டாட், பம்ப், மூடி எல்லாம் தண்ணீர்ப் பக்கம். இரண்டு மாதமாக நாங்கள் தப்பான பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தோம்.

முதல் சோதனைக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். காற்று வீசாத இடத்தில், வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்குள் திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். முன் கிரில்லில் தாளை வைத்துக் கையை எடுங்கள். ஃபேன் பின்னாலிருந்து இழுப்பதால் தாள் கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். எங்கள் தாள் சும்மா வழுக்கிக் கீழே விழுந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒர்க்‌ஷாப்பிலும் "ஃபேன் ஓடுது சார்" என்று இரண்டு முறை சொன்னார்கள், பொய் இல்லை. ஓடுகிற ஃபேன் வேறு, இழுக்கிற ஃபேன் வேறு.

தெரு முனையில் ஏசி ரிப்பேர் செய்கிற தம்பி மல்டிமீட்டரோடு வந்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். ஃபேன் பிளக்கில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தால் 9.6. நான்கு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. அவன் மீட்டரின் ஒரு முனையை ஃபேனின் எர்த் பின்னிலும், இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தான். கால் வோல்ட், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடம், 3.8 காட்டியது. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினோம். வளையத்தின் அடியில் பச்சைப் பாசி மாதிரிப் பூத்துக் கிடந்தது. உப்புக்காற்று செம்பைத் தின்ற மிச்சம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வளையம் அடித்து, மேலே கிரீஸ் தடவி முறுக்கினான். செலவு நாற்பது ரூபாய். ஃபேன் சத்தமே மாறிவிட்டது. அதுவரை பெருமூச்சு விட்டது, இப்போது இரைந்தது. தாள் மேல் பாதியில் சப்பென்று ஒட்டியது. கீழ்ப் பாதியில் வைத்தால் மட்டும் இன்னும் தொங்கியது. அந்தக் கீழ்ப் பாதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு போகும் வரிசையில் 7. முன்பைவிடக் குறைவு, ஆனால் 5 இல்லை. ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் அதுதான் முழுக் குறை என்று மனசு கையைத் தட்டிக்கொள்கிறது. எங்கள் வண்டியில் இருந்தவை இரண்டு அரைக் குறைகள். தனித்தனியே எதுவும் வண்டியைக் கொதிக்க வைத்திருக்காது.

சரி, இனி முறையாகப் பார்ப்போம் என்று முதலில் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட முடிவு செய்தேன். கழற்றிய பழசு டேஷ்போர்டு டப்பாவில் கிடந்தது. மாட்டும் முன் அது உயிரோடு இருக்கிறதா என்று சோதித்தோம். குழம்புச் சட்டியை எடுத்ததற்கு வீட்டில் பேச்சு வாங்கினேன், நீங்கள் பழைய டப்பா எதையாவது எடுங்கள். நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தோம். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீரில் சின்னக் குமிழிகள் மேலே வரத் தொடங்கியதும் நடுத் தட்டு மெதுவாக நகர்ந்தது. கொதி வரும்போது சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவு திறந்துவிட்டது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் டக்கென்று மூடிக்கொண்டது. ஒரு பழுதும் இல்லாத சாமானைத்தான் கழற்றி எறியச் சொன்னார்கள். கொதிக்கிற தண்ணீரிலும் திறக்காவிட்டால், அல்லது பச்சைத் தண்ணீரிலேயே திறந்து கிடந்தால்தான் குப்பை.

அடுத்தது ரேடியேட்டர் சூட்டைக் கொடுக்கிறதா என்று பார்ப்பது. மேல் ஹோஸ் வழியே சூடான தண்ணீர் வருகிறது, கீழ் ஹோஸ் வழியே ஆறிப் போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரேடியேட்டரின் சம்பளம். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி வீட்டில் இருந்தது, அதை ஹோஸில் காட்டினேன். மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது, 'ஹை' என்று கத்திவிட்டு அணைந்தது. பாம்பனில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிற மச்சானிடம் தொழிற்சாலைத் துப்பாக்கி இருந்தது, ஒரு நாள் இரவல் வாங்கினேன். பளபளக்கிற உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், கறுப்பு ரப்பர் ஹோஸில் அளந்து பாருங்கள் என்றான் மச்சான். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஃபேன் ஓடும்போது மேலே 93, கீழே 88. ஐந்து டிகிரிதான். அவ்வளவு தூரம் சுற்றி வந்த தண்ணீர் குளித்துவிட்டு வந்த மாதிரியே இல்லை. இந்தச் சோதனையை தெர்மோஸ்டாட் இல்லாமல் செய்தால் பொய்க்கணக்கு வரும். தண்ணீர் நிற்க நேரமில்லாமல் ஓடுவதால் வித்தியாசம் எப்படியும் குறைவாகத்தான் இருக்கும்.

உள்ளே அடைப்பு என்றால் ரேடியேட்டரில் அங்கங்கே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருக்க வேண்டும். தண்ணீர் போகாத குழாய் சூடாகாதல்லவா. வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேன் பிளக்கையும் கழற்றிவிட்டு (சில வண்டிகளில் அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் போய்விடும்) துப்பாக்கியால் ஃபேன் பக்கமிருந்து ரேடியேட்டரின் முதுகு முழுக்கப் பார்த்தோம். குளிர்ந்த இடமே இல்லை. மேலேயும் கீழேயும் ஒரே கொதி. அப்படியானால் தண்ணீர் நன்றாகத்தான் ஓடுகிறது, சூட்டை விடத்தான் மறுக்கிறது.

ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பம்பரைக் கழற்றி, ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சரை லேசாக முன்னே இழுத்துக் கட்டினார். இந்தச் சின்ன வண்டிகளில் கண்டன்சர் முன்னால் நிற்பதால் ரேடியேட்டரின் முகம் யாருக்கும் தெரிவதில்லை. நடுவில் மணல், பஞ்சு, செத்த தட்டான், சீமைக்கருவேல இலை எல்லாம் ஒரு மெத்தையாகப் படிந்திருந்தது. தனுஷ்கோடி ரோட்டில் போய் வந்ததெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. அதைத் தட்டிவிட்டு, கீழ்ப் பாதியில் பெரியவர் கட்டைவிரலை வைத்து லேசாக அமுக்கினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்கியது. குழாய்களுக்கு நடுவில் மடித்து மடித்து வைத்திருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள், தூரத்திலிருந்து பார்க்க முழுசாக இருந்தவை, வெள்ளை மாவாக அவர் உள்ளங்கையில் உதிர்ந்தன. அந்த மாவு ஈரத்தில் சேறாகி, மணலோடு சேர்ந்து வழியையும் அடைத்திருந்தது. வெள்ளைத்தாள் கீழே ஏன் ஒட்டவில்லை என்பது அப்போது விளங்கியது. குழாயிலிருந்து சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது அந்தத் தகடுகள்தான். அவை குழாயை விட்டுப் பெயர்ந்துவிட்டால் குழாய் நிறைய வெந்நீர் ஓடினாலும் பயனில்லை.

"கடலப் பாத்து நிறுத்தியிருந்த வண்டி" என்றார் பெரியவர். நான் எதுவும் சொல்லாமலே சொன்னார்.

பற்றவைக்க முடியாதா என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்து எத்தனை தடவையும் சரி செய்யலாம். இது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், தகடு உதிர்ந்தால் புதுசுதான். ஒழுகலுக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுகிற வைத்தியத்தையும் கேட்டுப் பார்த்தேன், அவர் முகத்தைச் சுளித்தார். லாரிக்காரர்கள் நடுரோட்டில் ஊர் போய்ச் சேரச் செய்தது அது. ஊர் சேர்ந்ததும் கழுவிவிட வேண்டும், யாரும் கழுவுவதில்லை, இப்போதைய மெல்லிய குழாயில் சேறாக உட்கார்ந்துவிடும்.

புது ரேடியேட்டருக்குக் காசு கொடுக்கும் முன் எனக்கு ஒரு பயம் இருந்தது. மூன்று முறை கொதித்த இன்ஜின், ஹெட் கேஸ்கட் போயிருந்தால்? ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். வாயில் தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு வந்து நின்றுவிட்டது, அது உள்ளே சிக்கியிருந்த காற்று. ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்தார், மோர் மாதிரி வெளுத்த நுரை இல்லை. புகைக்குழாயில் விடாத வெள்ளைப் புகையும் இல்லை. பச்சை இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாகவும் ஆகவில்லை. "தப்பிச்சீங்க" என்றார். சிவப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் நான் நிறுத்தியதுதான் காப்பாற்றியது. 'இன்னும் நாலு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்து, வண்டி விலையில் கால்வாசி போயிருக்கும்.

முள்ளைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். தண்ணீர் முழுக்க வெளியே போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் திடீரென்று இறங்கிவிடும். அப்பாடா என்று ஓட்டுவார்கள், இன்ஜின் பூட்டிக்கொள்ளும். ஏறிய முள் சட்டென்று விழுந்தால் உடனே நிறுத்துங்கள். ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள். அது உள்ளே இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டர், ஓரம்கட்டுகிற வரைக்கும் உதவும். அந்த ஐந்து நிமிடம் நமக்கு வேர்க்கட்டும்.

புது ரேடியேட்டர் போட்டு, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து (காய்ச்சி வடித்த தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றுவோமே, அது), உள்ளே நின்ற காற்றை வெளியேற்றி முடித்தார். அன்றே துப்பாக்கியை மறுபடி காட்டினேன். மேலே 90, கீழே 74.

இப்போது வண்டியை எங்கே நிறுத்தினாலும் மூக்கு கடலைப் பார்க்காமல் நிறுத்துகிறேன். தங்கச்சிமடத்து வீட்டில் அதற்காகவே ரிவர்ஸில் உள்ளே போகிறேன், மல்லிகைப் பதியன் தொட்டி இரண்டு அதற்குப் பலியாகிவிட்டன. தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய் வந்த மறுநாள் ரேடியேட்டர் முகத்தில் நல்ல தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் விடுகிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், முடிந்தால் உள்ளிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி. வாட்டர் வாஷ் கடைத் துப்பாக்கியை அங்கே காட்டாதீர்கள், தகடு மடங்கிவிடும். குடிக்கவே குடம் எண்ணி வாங்குகிற ஊரில் காருக்கு நல்ல தண்ணீரா என்று மாமியார் முறைக்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். அரை வாளி போதும், அதற்கு மேல் எடுப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்க்கிறேன். வெள்ளைத்தாள் சோதனை மாதம் ஒரு முறை, சின்னவன் செய்கிறான், அவனுக்கு அது விளையாட்டு.

ஆவணி முதல் ஞாயிறு போனோம். கச்சான் இன்னும் ஓயவில்லை. பனைகள் ரோட்டின் மேல் சாய்ந்து கிழக்கே கை காட்டின. உச்சிப்புளி போனது, மண்டபம் போனது, பாலத்தில் இருபது நிமிடம் நின்றோம். மனைவி நோட்டில் 5 என்று எழுதினாள். டீக்கடை அக்கா கையசைத்தார், நிறுத்தாமல் போகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். திரும்பும்போது நிறுத்திப் பருத்திப்பால் குடித்தோம்.

போன வாரம் மாமா போன் செய்தார். "வாடை திரும்பிருச்சு மாப்ள. இனி ஒங்களுக்குப் பின்காத்து இங்கேருந்து கெளம்பும்போதுதான், பாத்துக்கங்க."

"வண்டி சரியாயிருச்சு மாமா."

"வண்டிக்குச் சொல்லல. நண்டு எடுத்து வச்சிருக்கேன், ஏசி போட்டு வந்து வாங்கிட்டுப் போங்க."